கல்லுத் தரையும் லாடமில்லாத குதிரையும்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளிப் பக்கம் எங்கள் வளவில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. செம்பி என்ற பெண்குதிரை ஒன்று, கறுப்பன் என்ற கட்டைக்குதிரை ஒன்று. இரண்டுக்கும் லாடம் இல்லை. கடற்கரையில் ஆட்களை ஏற்றி நடத்துகிற பொடியன்களும், கலியாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்களும், ஆசைக்கு ஒன்றை வாங்கிக் கட்டியவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மணலில் நல்லாக நடக்கிற குதிரை கல்லைக் கண்டால் ஏன் தயங்குகிறது, அதற்கு என்ன செய்யலாம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியரைக் கூப்பிட வேண்டிய இடங்களை அந்தந்தப் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, குதிரை எண்டா லாடம் அடிச்சே ஆக வேணும் எண்டுறாங்களே, உண்மையா?

இல்லை. நாள் முழுக்கத் தார் றோட்டில் வண்டி இழுக்கிற குதிரைக்குக் குளம்பு வளர்கிற வேகத்தைவிடத் தேய்கிற வேகம் கூட. அதற்கு இரும்பு வேண்டும். விடியவும் பின்னேரமும் கடற்கரையில் நடக்கிற குதிரைக்கு அந்தத் தேவை கிடையாது. நெடுந்தீவுக் கட்டைக்குதிரைகளைப் பாருங்கள். அந்நியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. முருகைக்கல் நிறைந்த அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வெறுங்குளம்போடு திரிகின்றன.

ஆனால் அந்தக் குதிரைகள் அங்கேயே பிறந்து, மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் அந்தத் தரையிலேயே நடந்து வளர்ந்தவை. இருபது மணித்தியாலம் கொட்டிலில் நின்றுவிட்டு வெளியே வருகிற குதிரையிடம் அதே குளம்பை எதிர்பார்க்க முடியாது. இதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

குளம்பு எங்கட நகம் மாதிரித்தானே, அதுக்கு எப்பிடி நோகும்?

சுற்றியிருக்கிற சுவர் நகம் மாதிரிதான், அதில் உணர்ச்சி இல்லை. ஆனால் காலைத் தூக்கி அடியைப் பாருங்கள். சுவருக்கு உள்ளே கொஞ்சம் குழிந்த தட்டு ஒன்று இருக்கும், அதை அடித்தட்டு என்கிறேன். நடுவில் அம்பு முனை மாதிரி, இறப்பர் பதத்தில் ஒன்று இருக்கும். வைத்தியர்கள் அதை ‘புறொக்’ என்பார்கள். நான் நடுச்சதை என்றே எழுதுகிறேன். அடித்தட்டும் சுவரும் சேருகிற இடத்தில் ஓடுகிற மெல்லிய கோடு வெள்ளைக்கோடு.

அடித்தட்டுக்கு மேலே உயிருள்ள சதை, அதற்கும் மேலே குளம்பு எலும்பு. நல்ல குதிரையில் அடித்தட்டு 15 மி.மீ. அளவு தடிப்பாக இருக்கும். 10 மி.மீ.க்குக் கீழே போனால் ஒவ்வொரு கல்லும் உள்ளே தெரியும். மெல்லிய செருப்போடு சல்லிக்கல்லில் நடந்து பாருங்கள், விளங்கும். குதிரையின் பாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதனால் நோவு முதலில் முன்னால்தான் வரும்.

கல் குத்துதெண்டு குதிரை வாய் திறந்து சொல்லுமா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சொல்லும், பார்க்கத் தெரிந்தால். முதல் அறிகுறி நொண்டல் இல்லை, வழி தேடுவது. கிறவல் றோட்டில் விட்டால் நடுவால் போகாமல் ஓரத்துப் புல்லுக்கு ஒதுங்கும். எட்டு, அதாவது எடுத்து வைக்கிற அடி, சிறுக்கும். தலை தாழ்ந்து, காது பின்னால் போகும். நல்ல குளம்புள்ள குதிரை குதியை முதலில் வைத்து நடக்கும். நோகிற குதிரை நுனியை முதலில் வைக்கும். இதைக் கைத்தொலைபேசியில் பக்கவாட்டில் எடுத்து மெதுவாக ஓட விட்டுப் பார்த்தால் வடிவாகத் தெரியும்.

ஒரு நாள் செம்பியை எங்கள் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கல்லில் இடது முன்னங்காலை வைத்தவள் அப்படியே நின்று, பாரத்தைப் பின்னுக்கு எடுத்து, காலை அரை அங்குலம் தள்ளி வைத்துப் பிறகுதான் நடந்தாள். சத்தமில்லை, இழுப்பில்லை. மேலே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இராது. மாதத்தில் ஒரு நாளாவது இறங்கிப் பக்கத்தில் நடந்து பாருங்கள்.

கடற்கரையில பறக்கிற குதிரை கன்னியாப் பக்கம் போனா ஏன் நடக்குதில்ல?

மணல் குளம்பைத் தேய்க்கும், ஆனால் கடினப்படுத்தாது. மணலில் கால் வைத்ததும் அது அடித்தட்டின் வடிவத்துக்கே வந்து, பாரத்தை எல்லா இடமும் பகிர்ந்து தாங்கிவிடுகிறது. கல் ஒரே புள்ளியில் அழுத்தும். மணலிலேயே வாழ்ந்த குதிரையின் அடித்தட்டுக்கு அந்த அழுத்தம் புதிது.

கல்லிலும் வித்தியாசம் இருக்கிறது. ஆற்றில் உருண்ட கூழாங்கல் அமர்ந்து கொடுக்கும். கிறவல் மழைக்குப் பிறகு இறுகி, மேலே தனிக்கற்கள் துருத்தி நிற்கும். கன்னியாவைச் சுற்றி அந்த மாதிரித் தரைதான் கூட. உடைத்த சல்லிக்கு எல்லாப் பக்கமும் முனை. இதில் ஆக மோசம் ரெயில் பாதைச் சல்லி. பழகிய குதிரையைக்கூட நான் அதன்மேல் நடத்த மாட்டேன்.

அப்ப கல்லுப் பக்கமே கொண்டு போகாம மணல்லயே வச்சிருந்தா பிரச்சினை இல்லைத்தானே?

இதுதான் எல்லாரும் எடுக்கிற முடிவு. நானும் முதல் வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். கல்லைக் காணாத குளம்பு கல்லுக்கு ஒருபோதும் தயாராகாது. என்றாவது ஒரு நாள் றோட்டைக் கடக்கத்தான் வேண்டும், அன்றைக்கு நொண்டும். குளம்பு தான் சந்திக்கிற தரைக்கு ஏற்றபடி தன்னைக் கட்டுகிற உறுப்பு. அளவான அழுத்தம் கிடைத்தால் அடித்தட்டு தடிக்கும், நடுச்சதை அகலும், குதிக்குள் இருக்கிற மெத்தை போன்ற பகுதி உறுதியாகும். அளவு மீறினால் கன்றிப்போகும். மருந்து மாதிரித்தான், அளவில் இருக்கிறது எல்லாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் குதிரைப்படைத் தலைவர் செனொபொன் இதை எழுதி வைத்திருக்கிறார். லாயத்துக்கு வெளியே, கைக்குள் அடங்குகிற உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டி, சிதறாமல் ஓரம் கட்டி, குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற நேரமெல்லாம் அதன்மேல் நிற்க விடச் சொல்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்கக் குதிரைகளுக்கு ஆணியடித்த லாடம் கிடையாது. போருக்குப் போகிற குதிரைக்கே அவர் சொன்ன வழி கல்லுக்குக் கல்லால் பழக்குவது.

எத்தனை நாளில பழகும்? வாற மாசம் ஒரு ஊர்வலம் இருக்கு.

வருகிற மாதத்துக்கு ஆகாது. அதற்குப் பூட்ஸ்தான் வழி, கீழே எழுதியிருக்கிறேன். குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரைதான் வளரும். கால் மயிர் முடிந்து குளம்பு தொடங்குகிற மயிர்க்கோட்டில் இன்று முளைக்கிற குளம்பு நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் பிடிக்கும். அடித்தட்டு அதைவிடக் கெதியாக மாறும், இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் முழுக் குளம்பும் புதிதாக வர ஒரு வருடம்.

நான் செய்தது இது. முதல் இரண்டு கிழமை, ஆள் ஏறாமல், கையில் பிடித்து இறுகிய மண் பாதையில் நாளுக்குப் பத்து நிமிடம். பிறகு கிறவலில் ஐந்து நிமிடம். நோகாமல் நடந்தால் கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். எட்டுச் சிறுத்த நாளில் அங்கேயே திரும்பினேன், அடுத்த கிழமை பழைய அளவுக்குப் போனேன். கல்லில் நடை மட்டும், ஓட்டம் இல்லை. நாலாவது மாதத்தில்தான் ஆள் ஏறியது. பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் கிழமையிலேயே ஏறுகிறார்கள், பிறகு வெறுங்குளம்பு சரிவராது என்கிறார்கள்.

கூழாங்கல் கொட்டினா நல்லமாம், உங்கட வளவில இருக்காம். எப்பிடிப் போட்டீங்க?

குதிரை தானாக வந்து நிற்கிற இடத்தில் போட்டேன்: தண்ணீர்த் தொட்டியடியில். மேல் மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு வைத்து, அடியில் பழைய தும்புப் பாய் விரித்து, 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குக் கூழாங்கல் நிரப்பினேன். சுற்றிப் பனங்குற்றி போட்டு ஓரம் கட்டினேன். இரண்டு குதிரை நிற்க நாலு மீற்றருக்கு மூன்று மீற்றர் போதும். தும்பு இரண்டு வருடத்தில் உக்கிப்போகும். முடிந்தவர்கள் உக்காத துணி போடுங்கள்.

கல் உருண்டையாக, 6 முதல் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பட்டாணிக்கடலை அளவு என்று சொல்லி வாங்குங்கள். கால் உள்ளே அமர்ந்து, நடுச்சதை, அடித்தட்டு, குதி எல்லாம் கல்லைத் தொட வேண்டும், அதுதான் பயன். உடைத்த சல்லி மலிவு என்று அதைக் கொட்டாதீர்கள். ஆற்றில் போய் அள்ளவும் வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு விற்கிற கல்லே போதும். இன்னொரு நன்மையும் கிடைத்தது. மாரியில் வளவு முழுக்கச் சேறானபோது அந்த ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இரண்டும் சாணத்தை வேறெங்கோ போட்டுவிட்டு வந்து அங்கேதான் நின்றன.

குளம்பை எத்தனை நாளைக்கு ஒருக்காச் சீவ வேணும்? இங்க ஆர் சீவுவினம்?

நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருக்கா. கல்லில் நிறைய நடக்கிற குதிரைக்குச் சீவ ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். நுனி நீண்டு போனால் ஒவ்வொரு எட்டிலும் அது நெம்புகோல் மாதிரிச் சுவரை எலும்பிலிருந்து பிரித்து இழுக்கும். வெள்ளைக்கோடு அகன்றிருந்தால் அது நடக்கிறது என்று பொருள். அந்த இடைவெளிக்குள் குறுணிக்கல் ஏறும்.

இங்கே குதிரைக்கென்று லாடக்காரர் கிடைப்பது கஷ்டம். வண்டில் மாட்டுக்கு லாடம் கட்டிய பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள், கையில் நல்ல தொழில் இருக்கிறது. ஆனால் மாட்டுக் குளம்பு இரட்டை, குதிரைக் குளம்பு ஒற்றை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் செம்பியின் அடித்தட்டை ‘பழசு’ என்று வெள்ளையாகப் பளபளக்கும் மட்டும் சீவினார், நடுச்சதையையும் வடிவாக அரிந்து விட்டார். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த நாள் சீமெந்துத் தரையில்கூட அவளால் நடக்க முடியவில்லை, மூன்று மாதம் ஒருவரையும் ஏற்றவில்லை. அந்த ‘பழசு’தான் அவளுடைய செருப்பு. ஆர் சீவினாலும் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்: சுவரை அரத்தால் அராவுங்கோ, அடித்தட்டில் கத்தி வைக்காதீங்கோ. தானாகப் பொடியாகி உதிர்கிறதை மட்டும் எடுக்கலாம்.

சுவரோரம் துண்டு துண்டாத் தெறிக்குது அக்கா. குளம்பு பலமில்லையா?

பெரும்பாலும் ஓரம் கூராக விடப்பட்டதால் தெறிக்கிறது. சட்டியின் விளிம்பு கூராக இருந்தால் உடைவது மாதிரி. அரத்தால் சுவரின் வெளி விளிம்பைச் சுற்றி வட்டமாக உருட்டி விடுங்கள். காட்டுக் குதிரைகளின் குளம்பு தரையில் தேய்ந்து தேய்ந்து தானாகவே அப்படித்தான் இருக்கும். இரண்டு சீவலுக்கு இடையில், பதினைந்து நாளைக்கு ஒருக்கா நீங்களே அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் தெறிப்பு பாதியாகக் குறையும்.

மயிர்க்கோட்டிலிருந்து கீழே நேராக ஓடுகிற வெடிப்பு வேறு கதை. அதை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளை, நாங்கள் மாட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவம். சிலர் கழிவு ஒயிலும் பூசச் சொல்லுகினம். குதிரைக்குப் பூசலாமே?

ஐயா, தேங்காயெண்ணெயால் கெடுதல் இல்லை, பலமும் வராது. குளம்பு மேலிருந்து வளர்வது. அதைப் பலப்படுத்துகிற சாமான் இரத்தத்தில் வர வேண்டும், தூரிகையில் வராது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மயிர்க்கோடு காய்ந்து வெடித்தால் கொஞ்சம் தடவலாம், அவ்வளவுதான்.

கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம். அது தோலை அரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். போமலின் ஊற்றிக் குளம்பை இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது மேலே இறுகினாலும் குளம்பை நொறுங்குகிற பதத்துக்குக் கொண்டு போகும், உயிருள்ள சதையில் பட்டால் எரித்துவிடும்.

மாரி வந்தா குளம்பு நாறுது. கல்லில நோகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய இருக்கிறது. எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மாதங்களில் சேற்றில் நின்ற குளம்பு ஊறிய பாண் மாதிரி ஆகிவிடும். ஊறிய அடித்தட்டில் கல் இலகுவாகக் கன்றலை உண்டாக்கும். அதோடு, காற்றுப்படாத சேற்றுக்குள் வளர்கிற கிருமிகள் நடுச்சதையின் பள்ளங்களைத் தின்னும். கறுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு வருவது அதுதான். நடுச்சதை நொந்தால் குதிரை குதியை ஊன்றாது, நுனியால் நடக்கும். ஆட்கள் அதைக் கல் நோவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

நாளுக்கு ஒருக்காக் குளம்பைக் கிண்டிச் சுத்தம் செய்யுங்கள். கிண்டுகிற கொக்கியைக் குதியிலிருந்து நுனிப் பக்கமாக மட்டும் இழுங்கள். கழுவி, துணியால் ஒற்றி, பஞ்சில் நீர்த்த அயடின் தொட்டுப் பள்ளங்களில் வையுங்கள். மயில்துத்தமும் கிருமியைக் கொல்லும், ஆனால் பச்சைச் சதை தெரிகிற இடத்தில் போட வேண்டாம், துடித்துப்போகும். எந்த மருந்தும் கொட்டில் காயாமல் வேலை செய்யாது. மூத்திரம் தேங்கிய தரை சேற்றைவிடக் கேடு.

என்ன தீனி குடுத்தா குளம்பு பலக்கும்? நாங்கள் தவிடும் மிஞ்சின பாணும் குடுக்கிறம்.

இந்தக் கேள்வியைத்தான் நான் ஆக முக்கியமாக நினைக்கிறேன். குதிரைக்கு முதல் தீனி புல்லும் வைக்கோலும் போன்ற நாருள்ளதுதான். பாண், சீனி, கருப்பட்டி, வாழைப்பழம், கைநிறையத் தானியம் எல்லாம் மாவும் இனிப்பும். அவை கூடினால் சுவரையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கிற மெல்லிய மடிப்புகள் அழற்சியாகும். லாமினைடிஸ் என்கிற நோய் அது. முற்றினால் எலும்பே இடம்பெயரும். பாதித் தீவிரத்தில், நோய் என்று தெரியாத அளவில், குதிரை கல்லில் மட்டும் நோகக் காட்டும். உல்லாசப் பயணிகள் அன்பாக நீட்டுகிற பழங்களை நான் கும்பிட்டு மறுக்கிறேன்.

தவிட்டில் பொஸ்பரசு கூட, கல்சியம் குறைவு. வேலியோரம் வளர்கிற கினிப்புல்லில் இருக்கிற ஒட்சலேற்று, உள்ள கல்சியத்தையும் உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் மட்டுமே தின்கிற குதிரை தன் எலும்பிலிருந்து கல்சியத்தை இழக்கும், நாளடைவில் முகஎலும்பு வீங்கும். எவ்வளவு கல்சியம் சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். குளம்புக்குத் தாமிரமும் நாகமும் (சிங்க்) வேண்டும். பயோற்றின் என்கிற விற்றமின், பெரிய குதிரைக்கு நாளுக்கு 20 மி.கி. அளவில் கொடுத்தால் குளம்பின் தரம் கூடுகிறது. ஆனால் மேலே சொன்ன வளர்ச்சிக் கணக்குப்படி ஆறு ஒன்பது மாதம் போனால்தான் கண்ணுக்குத் தெரியும்.

குதிரைக்குப் பூட்ஸ் இருக்காமே, அது நல்லமா?

இருக்கிறது, நல்லது. இறப்பர் அடியோடு, கழற்றி மாட்டுகிற மாதிரி. கவலோ, ஈசிபூட், ஸ்கூட் பூட் என்று பல பெயரில் வருகின்றன. எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். லாடத்தைவிட எனக்கு இது பிடிக்கும். கல் வழிக்கு மட்டும் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். குளம்பு வளர்கிற வேலையும் நிற்காது. முன்னங்காலுக்கு ஒரு சோடியே பெரும்பாலும் போதும், காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

அளவில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். குளம்பைச் சீவிய அன்றோ அடுத்த நாளோ, அடியில் அகலம் கூடிய இடத்தையும், நுனியிலிருந்து குதி ஊன்றுகிற இடம் வரை நீளத்தையும் மி.மீ. கணக்கில் எடுங்கள். இரண்டு காலும் தனித்தனியாக. கறுப்பனின் வலது குளம்பு இடதைவிட 4 மி.மீ. அகலம், அதை விட்டதால் முதல் சோடி வீணாகிப்போனது. முதல் நாள் இருபது நிமிடத்துக்கு மேல் போட வேண்டாம். கழற்றியதும் குதிமேட்டில் மயிர் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடற்கரையில் போடாதீர்கள். உள்ளே போகிற மணல் அரத்தாள் மாதிரித் தோலை உரித்துவிடும்.

பூட்ஸுக்குக் காசில்ல. டயரை வெட்டி ஆணி அடிச்சா?

வேண்டாம், தம்பி. ஆணி ஏறுகிற சுவர் ஒரு விரல் தடிப்புக்கும் குறைவு. இடம் தெரியாமல் அடித்தால் நேரே உயிருள்ள சதைக்குள் போகும். டயர் வெட்டிக் கயிற்றால் கட்டினாலும் கணுக்காலை அறுக்கும், இடையில் திரும்பினால் குதிரை விழும்.

காசில்லாத வழி, கல்லில்லாத வழி. றோட்டைக் கடக்கிற அந்த ஐம்பது மீற்றருக்கு இறங்கி, கயிற்றைத் தளரப் பிடித்து, குதிரை தன் காலடியைத் தானே பார்த்து வைக்க விடுங்கள். மேலே ஆளில்லாத குதிரை தலையைத் தாழ்த்தி ஒவ்வொரு கல்லையும் விலக்கிப் போகும்.

எவ்வளவு பாரம் ஏத்தலாம்? அதுவும் குளம்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 250 கிலோ நிறையுள்ள கட்டைக்குதிரைக்கு அது 50 கிலோ. சேணம் எட்டுப் பத்துக் கிலோ போனால் ஏறுகிறவர் 40 கிலோ. அதாவது பிள்ளைகள் மட்டும். கல் வழியில் நான் அதிலும் குறைத்துத்தான் ஏற்றுவேன். வாடிக்கையாளரை மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் நொண்டிக் குதிரையால் இரண்டு மாதம் ஒரு வாடிக்கையாளரையும் ஏற்ற முடியாது.

கல்லு மிதிச்சு நொண்டுது. முதல்ல என்ன செய்யிறது?

இறங்குங்கள். குளம்பைத் தூக்கி, நடுச்சதைப் பள்ளத்தில் கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். பாதி நொண்டல் அந்தக் கல்லை எடுத்ததும் தீரும். தீராவிட்டால் நடத்தியே வீட்டுக்குக் கொண்டு வந்து, குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் நிற்க விட்டு, மென்மையான தரையில் ஓய்வு கொடுங்கள். கன்றிய இடத்தில் சிவப்போ ஊதாவோ நிறம் தெரியலாம். சில வேளை அது பல கிழமை கழித்து, வளர்ந்து கீழே வந்த பிறகுதான் தெரியும். அப்போது அது பழைய காயம், பயப்பட வேண்டாம்.

மனிதருக்கான நோ மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். வைத்தியர் தந்த மருந்தாலும் நோ மறைந்திருக்கிற குதிரையை வேலைக்கு எடுக்காதீர்கள். மூன்று நாளில் குறையாவிட்டால் வைத்தியர்.

நேற்று நல்லா நிண்டது, விடியப் பார்த்தா காலை ஊண்டவே இல்ல. முறிஞ்சிட்டுதா?

முறிவாகவும் இருக்கலாம், ஆகவே வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஆனால் இப்படித் திடீரென்று வருவதில் பெரும்பகுதி குளம்புக்குள் சீழ்க்கட்டி. கன்றிய இடத்திலோ வெள்ளைக்கோட்டில் ஏறிய குறுணியைச் சுற்றியோ சீழ் பிடிக்கும். சுவர் விரிந்து கொடுக்காததால் நோ பயங்கரம். குளம்பு சூடாக இருக்கும். கணுக்காலின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால், சாதாரணமாக மெல்லத் தெரிகிற நாடி டக்டக்கென்று அடிக்கும். நல்ல நாளில் அந்த நாடியைத் தொட்டுப் பழகி வைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

வைத்தியர் வழி திறந்து விட்டபின், எப்சம் உப்புப் போட்ட இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்துக் கட்டச் சொல்வார். கட்டுவதற்குக் குழந்தைகளின் பம்பர்ஸ் அளவாக இருக்கும். அதன்மேல் அகலமான ஒட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள், ஆனால் மயிர்க்கோட்டுக்கு மேலே இறுக்க வேண்டாம். நாளுக்கு ஒருக்கா மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முன்னங்காலும் சேர்ந்து சூடாகி, குதிரை அவற்றை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது கட்டி இல்லை, தீனிக் கேள்வியில் சொன்ன லாமினைடிஸ். மணித்தியாலக் கணக்கில் அவசரம். வைத்தியர் வரும்வரை நடக்க விடாமல், பக்கத்து மீன்வாடியில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, அந்தக் குளம்புகளை அதற்குள் நிற்க விடுங்கள்.

ஆணி ஏறிட்டுது. இழுத்து எடுத்திட்டன். சரிதானே?

அடுத்த முறை இழுக்காதீர்கள். வைத்தியர் கெதியாக வரக்கூடியவர் என்றால் ஆணியை அப்படியே விட்டு, அது இன்னும் உள்ளே போகாதபடி சுற்றித் தடித்த துணி கட்டி, குதிரையை அசையாமல் நிறுத்துங்கள். எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் வைத்தியருக்கு வேண்டிய செய்தி. இழுத்த மறுகணம் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும். இழுத்தே ஆக வேண்டிய நிலையென்றால் இடத்தைப் பேனையால் வட்டமிட்டு, ஆணியை எறியாமல் வைத்திருங்கள்.

ஏற்பு நோய் (ரெற்றனஸ்) மற்ற மிருகங்களைவிடக் குதிரைக்கு மிக இலகுவாகப் பிடிக்கும், பிடித்தால் பெரும்பாலும் தப்பாது. ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீங்க சொன்ன எல்லாம் ஒரு வருசமாச் செய்தன் அக்கா. இன்னும் கல்லில நோகுது. லாடம் அடிச்சா நான் தோத்துப்போனனா?

இல்லவே இல்லை. முதலில் வைத்தியரிடம் கேட்டு எக்ஸ்றே எடுக்க முடியுமா என்று பாருங்கள். அடித்தட்டின் தடிப்பும் எலும்பின் சாய்வும் அதில் தெரிந்துவிடும். குதிரை கொழுத்து, கழுத்து மேட்டில் கொழுப்புக் கட்டியிருந்தால் இன்சுலின் கோளாறு இருக்கலாம். அப்படியென்றால் தீனி மாறாமல் எந்தக் கல்லும் உதவாது. சுவரில் வளையங்களை எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக, அலையலையாக இருந்தால் அந்தந்த மாதங்களில் உடம்பு ஏதோ பட்டிருக்கிறது.

இவ்வளவும் பார்த்தபின் சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே அடித்தட்டு மெல்லிசு, சிலதுக்குச் சிறுவயதில் கிடைத்த தரை பிழை. அதற்குப் பூட்ஸ் போடுங்கள், அல்லது குதிரைக் குளம்பு தெரிந்த ஒருவர் கிடைத்தால் லாடம் அடியுங்கள், அல்லது மணலோடு நிறுத்துங்கள். கறுப்பன் இன்று கன்னியா வரை வெறுங்குளம்போடு போய் வருவான். செம்பிக்கு இப்போதும் எங்கள் ஒழுங்கை முனையில் நான் குனிந்து பூட்ஸ் மாட்டுகிறேன். காலைத் தானே தூக்கித் தருவாள்.